மலைக்குப் போகலாமா என்றாள்

யாமித் ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகத்தான் பொகோத்தாவுக்கு வந்தான். ஆமாவா, இல்லையா, இரண்டில் ஒன்று. அதற்காகப் பதினெட்டு மணி நேரம் பேருந்தில் முதுகு ஒடிய உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு எங்கள் ஊர் இரண்டு நாளில் மூட்டை மூட்டையாக வார்த்தை கொடுத்தது. கேட்டதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

பையன் கடற்கரைச் சீமைக்காரன். சினு ஆற்றங்கரையில் லோரிகா. மொந்தெரியாவில் கால்நடை மருத்துவம் படிக்கிறான். கடைசி வருஷப் பயிற்சிக்கு எந்த ஊர் என்று திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவன் அப்பா ஒரு பண்ணைக்காரரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம், நானூறு மாடு. அவன் மனசோ பொகோத்தாவில் கிடந்தது. இங்கே ஒரு நாய் ஆஸ்பத்திரியில் இடம் இருந்தது. ஹிமெனாவும் இங்கேதான் இருந்தாள்.

ஹிமெனா போன வருஷம் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கக் கல்லூரிக் கூட்டத்தோடு லோரிகாவுக்கு வந்து இரண்டு மாதம் தங்கியவள். பறவை பார்த்தது பாதி நாள், யாமித்தின் படகில் சுற்றியது மீதி நாள். கிளம்புகிற அன்று படகுத்துறையில், மீன்காரிகள் எல்லாரும் பார்க்க, அவனை முத்தமிட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு ஐந்து மாதம் போன். "நான் பொகோத்தாவுக்கே வந்துடட்டுமா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்பாள். நேரில் வந்துவிட்டான். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரும்பிப் போகிற பேருந்து.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் அரைக்கைச் சட்டையோடு இறங்கியவனுக்குப் பல் தந்தியடித்தது. ஹிமெனாவின் பேட்டையான சாப்பினேரோவுக்கு எந்தப் பக்கம் என்று மூன்று பேரிடம் கேட்டான். மூவரும் அவன் கேட்டதற்கே நன்றி சொல்லி, நின்று நிதானமாக, மலையைக் காட்டி வழி சொன்னார்கள். மலை முன்னால் இருந்தால் கிழக்கு, வலது கைப் பக்கம் இருந்தால் வடக்கு. மூவர் சொன்ன வழியும் மூன்று விதம். ஒருவராவது தெரியாது என்று சொல்லியிருந்தால் அவன் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பான்.

அவள் வீட்டுக் கட்டடத்தின் காவலாளி பச்சோன் எழுந்து நின்று கதவைத் திறந்தார். "வாங்க டாக்டர், உள்ள வாங்க."

"டாக்டர் இல்லீங்க, இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றான் யாமித். இவருக்கு எப்படித் தெரியும், ஹிமெனா சொல்லி வைத்திருப்பாளோ என்று அவனுக்குள் குளிரையும் மீறி ஒரு சூடு ஏறியது. அவன் பின்னாலேயே தபால் கொண்டு வந்தவரையும் பச்சோன் "வாங்க டாக்டர்" என்றதும் அந்தச் சூடு இறங்கியது.

ஹிமெனா கதவு திறந்தாள். கட்டிக்கொள்ளக் கையை விரித்தான். கன்னத்தோடு கன்னம் ஒரு தொடு, அவ்வளவுதான்.

"வந்துட்டீங்களா? ரொம்பக் களைப்பா இருப்பீங்க."

லோரிகாவில் அவளுக்கு அவன் நீ. ஆற்றில் விழுந்து எழுந்தபோது 'டேய்' கூட வந்தது. இங்கே வாங்க போங்க. சரி, அம்மா அப்பா முன்னால் மரியாதை போல என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அவள் அம்மா, தோன்யா என்று மரியாதை சேர்த்து எல்லாரும் கூப்பிடுகிற ஒபேலியா, "தோமாஸ், நீங்க சோபாவ விட்டு இறங்குங்க, விருந்தாளி உக்காரணும்" என்றார். இறங்கியது நாய். நாய்க்கும் நீங்க, தனக்கும் நீங்க என்றால் தான் எந்த வரிசையில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலைச் சாப்பாடு சாங்குவா. கொதிக்கிற பாலில் முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் தூவித் தருவது எங்களுக்கு அமுதம். மீனும் தேங்காய்ச் சோறும் தின்று வளர்ந்தவனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடித்தான்.

"இன்னும் ஒரு கரண்டி, ராசா?"

"வேண்டாம் தோன்யா."

தோன்யா ஒபேலியா சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றினார்.

அன்று பகல் முழுக்க ஹிமெனா அவனை ஊர் சுற்றிக் காட்டினாள். அவள் அப்பா தோன் எர்னான் தன்னுடைய கம்பளி ருவானாவை அவன் தலை வழியாக மாட்டி அனுப்பியிருந்தார். அவன் ஊர் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான். ஏழாவது சாலையில், இசைக்காரர்களையும் சுட்ட சோளம் விற்கிறவர்களையும் தாண்டும்போது, முதல் தடவை கேட்டான்.

"ஹிமெனா, திங்கக்கிழமை நான் பொகோத்தான்னு எழுதிக் குடுக்கட்டுமா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "மழை வரும் போல இருக்கே, யாமித்."

அவனும் அண்ணாந்து பார்த்தான். வந்தது. பத்தே நிமிஷத்தில் கொட்டித் தீர்த்தது. அவன் ஓடிப் போய்க் குடை வாங்கி வந்தான். அதனால் அவள் மழையைப் பற்றித்தான் பேசினாள் என்பதில் அவனுக்குத் துளிச் சந்தேகம் வரவில்லை.

மழை விட்டதும், வெள்ளைக் காகித மடிப்பில் மரகதக் கல்லை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றே வியாபாரம் செய்கிற ஆட்கள் பக்கம் போனார்கள். ஒருவர் மடிப்பைத் திறந்து காட்டி, "நிச்சயதார்த்தத்துக்குப் பாருங்க டாக்டர்" என்றார். யாமித் அதையே சாக்காக வைத்து இரண்டாம் தடவை கேட்டான்.

"நான் இங்கயே வந்துட்டா உனக்கு சந்தோஷமா, இல்லியா?"

"உங்க அப்பா பண்ணைக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்காரே. பாவம், அவரு மனசு என்ன பாடுபடும்."

"அப்பாவ நான் பாத்துக்கறேன். நான் உன்னக் கேட்டேன்."

"அப்பாங்களப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது" என்று அவள் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். எவ்வளவு நல்ல பெண், என் அப்பாவுக்காக இப்போதே கவலைப்படுகிறாளே என்று அவனுக்கு உருகியது. காதலிக்கிறவன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் சாட்சி.

மூன்றாம் தடவை ஒரு சின்னக் கடையில், ஆவி பறக்கிற சாக்லேட்டுக்குள் பாலாடைக்கட்டியைப் போட்டு அவள் கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தபோது. இம்முறை அவன் சுற்றி வளைக்கவில்லை. மேசையில் கையை ஊன்றி, லோரிகாச் சந்தையில் பேசுகிற குரலில் கேட்டான்.

"என்னப் பிடிச்சிருக்கா, இல்லியா? ஒரே வார்த்த."

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹிமெனா காது வரை சிவந்தாள்.

"உங்கள யாருக்குத்தான் பிடிக்காது? எங்க அம்மாவுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கட்டி கரைஞ்சிரும், சாப்பிடுங்க."

பிடி கொடுக்காமல் வழுக்கிப் போகிறாளே என்று அவனுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவன் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒருவனைப் பிடிக்காவிட்டால் அது அந்தப் பெண் வாயிலிருந்து வந்து, தெருவில் நான்கு வீடு தாண்டிக் கேட்கும். இவளோ இவ்வளவு மென்மையாகச் சிரிக்கிறாள். பிடிக்காதவள் இப்படிச் சிரிப்பாளா? பிடித்தவள் இப்படி நழுவுவாளா? கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று வகை உருளைக்கிழங்கும் கோழியும் போட்ட ஆஹியாக்கோ சூப். தோன் எர்னான் மழையைப் பற்றி மூன்று தலைமுறைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஹிமெனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாமித், நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் மொன்செராத்தே மலைக்குப் போகலாமா? நடந்தே ஏறலாம்."

தோன் எர்னானின் மழை பாதியில் நின்றது. தோன்யா ஒபேலியா மகளையே பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா, மகளே?"

"யோசிச்சாச்சும்மா."

"நாளைக்குக் கூட்டமா இருக்குமே" என்றார் அப்பா. "மியூசியம் போகலாமே. அங்கேயும் நல்லாத்தான் இருக்கும்."

"இல்லப்பா, மலைக்கே போறோம்" என்றாள் ஹிமெனா, தட்டைப் பார்த்தபடி.

யாருக்கு என்ன ஆயிற்று என்று யாமித்துக்கு விளங்கவில்லை. தோன்யா ஒபேலியா தன் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து அவன் தட்டில் வைத்தார். தோன் எர்னான் எழுந்து போய் அலமாரியிலிருந்து சாராயப் புட்டியை எடுத்து வந்து, அவனுக்கு ஒரு கோப்பை ஊற்றி, தோளைப் பிடித்து அமுக்கினார்.

"நீங்க நல்ல பையன், தம்பி."

"நன்றி, தோன் எர்னான்."

"ரொம்ப நல்ல பையன்" என்று இன்னொரு கோப்பை ஊற்றினார்.

சோபாவில் போர்வையை இழுத்துக்கொண்டு யாமித் கணக்குப் போட்டான். மலை உச்சியில் கோயில் இருக்கிறது. இவள் பக்தியுள்ள பெண். ஆக, சாமி முன்னால் நிறுத்திப் பதில் சொல்லப் போகிறாள். பெண்ணைப் பெற்றவர்கள் என்றால் முகம் கொஞ்சம் வாடத்தானே செய்யும்? கோழிக்கால் வந்தது, கோப்பை வந்தது, 'நல்ல பையன்' என்று பட்டமும் வந்தது. விடிந்தால் கல்யாணம், பிடி பாக்கு வெற்றிலை என்கிற நிலையில் தூங்கிப் போனான்.

காலையில் கிளம்பும்போது தோன்யா ஒபேலியா வாசல் வரை வந்து அவனைக் கட்டிக்கொண்டார். நேற்று ஹிமெனா கட்டிக்கொள்ளாததற்கும் சேர்த்துக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வாழையிலையில் சுற்றிய கொய்யா மிட்டாயைப் பையில் திணித்தார். கீழே பச்சோன் எழுந்து நின்றார்.

"எங்க டாக்டர், இவ்வளவு காலைல?"

"மொன்செராத்தே!"

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்!" என்றான் யாமித், ஊருக்கே கேட்கிற மாதிரி.

பச்சோன் ஹிமெனாவைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்தாள். அவர் தன் கையுறைகளைக் கழற்றி யாமித்தின் கையில் வைத்து மூடினார். "மேல குளிரும், டாக்டர். நீங்களே வெச்சுக்கோங்க." குடிவந்தவர்களுக்குத் தீப்பெட்டி கூடக் கடன் கொடுக்காத மனிதர் அவர். அது யாமித்துக்குத் தெரியாது.

மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாக் கூட்டம். முழங்காலால் படியேறுகிற வேண்டுதல்காரர்கள், ஓட்டக்காரர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள். வாசலில் ஒரு பையனும் பெண்ணும் விடாமல் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பெண் மட்டும் படியேறப் போனாள். பையன் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தான்.

"என்ன சண்டையோ, பாவம்" என்றான் யாமித்.

ஹிமெனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பொகோத்தா வந்தபிறகு அவள் தானாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

படிகள் ஆயிரத்துக்கு மேல். ஆற்று மட்டத்தில் பிறந்தவனுக்கு அரை மலையிலேயே நெஞ்சு அடைத்தது. அவள் அவன் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஐம்பது படிக்கு ஒரு தடவை நிறுத்தினாள். கோக்கா இலைத் தேநீர் வாங்கி, ஊதி ஆற்றிக் கொடுத்தாள். நெற்றி வேர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்றாள். லோரிகாவில் கூட அவள் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை. மூச்சு வாங்கினாலும் யாமித் சந்தோஷத்தில் மிதந்தான். இனிமேல் கேட்கக்கூடத் தேவையில்லை என்று நினைத்தான்.

உச்சியில் வெள்ளைக் கோயில், பின்னால் சாப்பாட்டுக் கடைகள், கீழே கண்ணுக்கெட்டிய வரை ஊர். ஹிமெனா அவனை ஒரு கடையின் நீளப் பலகையில் உட்கார வைத்தாள்.

"நான் உள்ள போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன். நீங்க மூச்சு வாங்கிக்கோங்க."

கடைக்காரம்மாள் தோன்யா திரினிதாத், அடுப்பில் சட்டி நிறையத் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, கம்பளித் தொப்பி.

"தங்கச்சியா, ராசா?"

"தங்கச்சியா! என் காதலிங்க."

புரட்டிக்கொண்டிருந்த இடுக்கி நின்றது. "எந்த ஊரு நீங்க?"

"லோரிகா."

"கடற்கரையா. அதான பாத்தேன்." தோன்யா திரினிதாத் குரலைத் தணித்தார். "யாரும் சொல்லலியா உங்களுக்கு? காதலிக்கிற சோடி சேந்து இந்த மலை ஏறுனா கல்யாணம் நடக்காது. எங்க அம்மா காலத்துப் பேச்சு இது. இருபத்தெட்டு வருஷமா இங்க கட வெச்சிருக்கேன். எம் புருஷன ஒரு நாள் மேல ஏத்துனது கிடையாது. அந்த மனுஷன் கீழயே உக்காந்து கிழங்கு உரிச்சு அனுப்புறாரு."

யாமித் வாய்விட்டுச் சிரித்தான். "அட, இதெல்லாம் நம்புறீங்களா? பாவம், அவளுக்கு இது தெரியாது போல."

"புள்ள எந்த ஊரு?"

"இதே ஊருதான். சாப்பினேரோ."

தோன்யா திரினிதாத் அவன் கேட்காமலேயே ஒரு பெரிய தொத்திறைச்சித் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கோழிக்கால் நினைவுக்கு வந்தது. கையுறை, கொய்யா மிட்டாய், இரண்டு கோப்பைச் சாராயம், நல்ல பையன், ரொம்ப நல்ல பையன். நேற்று ராத்திரியிலிருந்து எல்லாரும் அவனுக்குத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். செத்தவனுக்கு மட்டும் சேதி தெரியவில்லை.

ஹிமெனா கோயிலிலிருந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், கடைக்காரம்மாளைப் பார்த்தாள், எதிர்ப்பலகையில் மெதுவாக உட்கார்ந்தாள். தோன்யா திரினிதாத் திடீரென்று அடுப்புக்குப் பின்னால் வேலை தேடிப் போனார்.

"இந்த மலையப் பத்தி உனக்குத் தெரியுமா?"

"பொறந்ததுலேர்ந்து தெரியும்."

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?"

அவள் தலை குனிந்தாள். அவன் குரல் உயர்ந்தது. உயரத்தான் செய்யும்.

"மூணு தடவ கேட்டேனே ஹிமெனா! ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!"

"மூணு தடவையும் சொன்னேனே."

"எப்போ சொன்ன? மழை வரும்னு சொன்ன!"

"அதான் சொன்னேன்."

"மழை வந்துச்சே!"

"ஆமா" என்றாள் அவள், அழுகிற குரலில். "அது என் கெட்ட நேரம். இங்க யார்கிட்ட மழை வரும்னு சொன்னாலும் புரிஞ்சிக்கிட்டு வேற பேச்சுக்குப் போயிருப்பாங்க. நீங்க குடை வாங்கப் போனீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து நெஞ்சில் ஏதோ இடிந்தது.

"அங்க படகுத்துறையில எனக்கு முத்தம் குடுத்தியே, அது?"

"அது பொய்யில்ல. அங்க இருந்தப்போ உண்மையிலயே உங்க மேல உசிரா இருந்தேன். இங்க திரும்பி வந்து, பஸ்ஸுல ஏறி, வகுப்புக்குப் போயி, ஒரு மாசம் ஆனதும் அந்த ஹிமெனாவ நானே தேடிப் பாத்தேன். காணோம். போன்ல சொல்ல மனசு வரல. நீங்க எனக்காகப் பதினெட்டு மணி நேரம் உக்காந்து வந்திருக்கீங்க. கண்ணப் பாத்து எப்படிச் சொல்றது? மலைக்குக் கூப்பிட்டா புரிஞ்சிக்குவீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுல உடனே புரிஞ்சிடுச்சு."

"எனக்கு மட்டும் புரியல."

"ஆமா. அரை மலையில நீங்க சிரிச்ச சிரிப்பப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது?"

யாமித் கீழே ஊரைப் பார்த்தான். செங்கல் நிறத்தில் முடிவே இல்லாமல் கிடந்தது. எந்தப் பக்கம் அவள் வீடு, எந்தப் பக்கம் பேருந்து நிலையம், எதுவும் தெரியவில்லை. அவனுக்கு அப்போதும் ஒரு நப்பாசை.

"தனித்தனியா இறங்கினா? நான் மலை ரயில்ல இறங்குறேன், நீ படியில இறங்கு. அப்போ இந்தச் சாபம் செல்லாதுல்ல?"

"பாருங்க யாமித், ரயிலுக்கு வரிசை ரொம்ப நீளமா இருக்கும், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை வேற..."

"ஹிமெனா!" அவன் பலகையைத் தட்டினான். "வரிசை வேண்டாம், மழை வேண்டாம், எங்கப்பா வேண்டாம். இந்த மலை சொன்னதும் எனக்கு வேண்டாம். நீ சொல்லு. உன் வாயால சொல்லு. இல்லாட்டி நான் நாளைக்கு பொகோத்தான்னுதான் எழுதுவேன். சத்தியமா எழுதுவேன். எனக்கு உங்க பாஷை தெரியாது."

அவள் கோயில் பக்கம் பார்த்தாள், அடுப்பின் பக்கம் பார்த்தாள். தப்பிக்க ஏதாவது ஒரு சொல் கிடைக்காதா என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அப்படிச் சொல்வது பல்லைப் பிடுங்குகிற மாதிரி. இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வராத" என்றாள். கண்ணில் நீர் நிற்கவில்லை. "எனக்கு உன்னப் பிடிக்கல, யாமித். கட்டிக்கிற மாதிரிப் பிடிக்கல. நீ இங்க வர வேணாம்."

ஆற்றங்கரையில் கேட்ட அந்த 'நீ' இப்போது திரும்பி வந்திருந்தது. யாமித் தலையாட்டினான். இந்த ஊருக்கு வந்த இரண்டு நாளில் ஒருவர் சொல்லி முதல் தடவையிலேயே அவனுக்குப் புரிந்தது இது ஒன்றுதான். புரியாமலே கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது.